நாற்பது தோட்டாக்களும் ஒரு பன்றித் தொடையும்

நாற்பது தோட்டாக்களில் ஏதோ ஒன்றில் வெடிமருந்து இல்லை. எதில் என்பதுதான் எர்வினுக்குத் தெரியவில்லை.

மருந்தை அளந்து பித்தளைக் கூடுகளில் கொட்டிக்கொண்டிருந்தபோது மைத்துனி போன் செய்தாள். பேசிவிட்டு வந்தவர் பழக்க தோஷத்தில் எல்லாவற்றுக்கும் மேலே குண்டைப் பொருத்தி மூடிவிட்டார். சந்தேகம் அப்புறம்தான் வந்தது.

விடிந்தால் போட்டி. அந்த மொன்டானாச் சிற்றூரின் துப்பாக்கி சுடும் சங்கத்தில், அவரவர் கையால் செய்த தோட்டாவைத்தான் சுட வேண்டும் என்பது விதி. தொண்டை கிழியப் பேசி அதைக் கொண்டுவந்தவரே எர்வின்தான். ஏழு வருடமாகக் கடைசி இடமும் அவருக்குத்தான்.

ஒவ்வொன்றையும் காதோரம் ஆட்டிப் பார்த்தார். சில சலசலத்தன, சில ஊமையாக இருந்தன. மருந்து நிறைந்திருந்தாலும் ஊமைதான், இல்லாவிட்டாலும் ஊமைதான். தராசில் வைத்தார். கூடுகளே ஒவ்வொன்றும் ஒரு எடை!

கடைசியில், தோட்டாவை உள்ளே செருகிக் குண்டைக் கழற்றும் சுத்தியலை எடுத்துத் தரையில் தட்ட ஆரம்பித்தார்.

"கராஜுல என்ன, வீட்டை இடிக்கறியா?" என்று மனைவி மார்லிஸ் எட்டிப் பார்த்தாள்.

"குண்டைக் கழட்டறேன்."

"இப்பதானே மாட்டினே?"

"அதனாலதான் கழட்டறேன்."

நாற்பதையும் பிரித்தார். நாற்பதிலும் மருந்து இருந்தது.

"பாத்தியா! ஒண்ணுகூடத் தப்பில்லை!" என்று பூரித்துப்போய் மருந்தையெல்லாம் டப்பாவில் கொட்டினார்.

"அது வேற டப்பா இல்லையா?" என்றாள் மார்லிஸ்.

வேறு டப்பாதான். வேறு மருந்துதான். கலந்த மருந்தைப் போட்டுச் சுட்டால் துப்பாக்கியோடு முகமும் போய்விடும். இரண்டு மருந்தும் வீண்.

கடைக்கு ஓடினார்.

"அந்த மருந்து வர ரெண்டு வாரம் ஆகும்" என்றார் கடைக்காரர்.

எர்வின் குரலைத் தாழ்த்தினார். "அப்ப, செஞ்ச தோட்டாவே ரெண்டு பெட்டி குடுங்க."

"ரெடிமேடா? நீங்களா?"

"எனக்கில்லை. மச்சினனுக்கு."

மறுநாள் தரையில் படுத்துச் சுட்டார். இருநூறு கெஜத்தில் ஐந்து குண்டும் ஒரு பீர் மூடிக்குள் அடங்கின. முதல் பரிசு!

ஏழு வருடமாக ஜெயித்துவந்த நார்பர்ட் ஓடி வந்தார். "யோவ், என்னய்யா மருந்து போட்டே? எவ்வளவு போட்டே?"

"அது... ஒரு மாதிரியா..."

மதிப்பெண் குறிக்கும் வெர்னா, பரிசான, புகையில் வாட்டிய முழுப் பன்றித் தொடையை அவர் கையில் கொடுத்தாள். "ரெண்டு வார்த்தை பேசு, எர்வின்."

எல்லாரும் கை தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பன்றித் தொடை கனத்துக்கொண்டே போனது. பொறுக்க முடியவில்லை.

"நான் ஏமாத்திட்டேன்! இது கடைத் தோட்டா. நேத்துதான் வாங்கினேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்தார். பரிசு போகட்டும், பேர் போகட்டும். மூச்சு நன்றாக வந்தது.

ஒருவரும் திட்டவில்லை. நார்பர்ட் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

வெர்னா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"அப்பாடா! உன் ஒருத்தனுக்குப் பயந்துதான் எர்வின், இத்தனை வருஷமா நாங்க எல்லாருமே கடைத் தோட்டாவைச் சுட்டுட்டு, வீட்டுல செஞ்சதுன்னு புளுகிக்கிட்டிருந்தோம்."