நட்சத்திரம் போட்ட இறக்கை

வேலைக்கு விண்ணப்பம் போடும்போது எல்லோரும் கொஞ்சம் பொய் சொல்வார்கள். நான் சொன்ன பொய், ஆங்கிலம் சரளமாகப் பேசுவேன் என்பது. படிப்பேன், எழுதுவேன், தப்பில்லாமல் டைப் அடிப்பேன். ஆனால் யாராவது வேகமாகப் பேசினால் பாதி வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு மீதியை நானே கட்டிக்கொள்வேன். பெரும்பாலும் சரியாக அமைந்துவிடும். அதனாலேயே எனக்குப் பயம் வரவில்லை. கடைசியில் அந்தப் பொய்யால் அடிபட்டது நான் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆழ்வார்பேட்டையில் ஒரு சர்வேயர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். நிலம் அளக்கும் சர்வேயர் அல்ல. கப்பலோ சரக்கோ சேதமானால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நேரில் போய்ப் பார்த்து, எப்படி நடந்தது என்று அறிக்கை கொடுப்பவர். அலுவலகத்தில் அவர், நான், ஒரு பியூன். அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை என் அதிகாரியான அந்தச் சர்வேயருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துவிட்டது. (ஐம்பது வயதுக்கு மேல். சின்ன வயதில் வந்து தொலைந்திருக்க வேண்டியது.) அன்றைக்கென்று பார்த்துப் போன் வந்தது. அடையாறு முகத்துவாரத்தில் ஒரு விமானம் மணல்திட்டில் ஏறி நிற்கிறது, உடனே ஆள் வரவேண்டும் என்றார்கள்.

நான் அதிகாரியின் வீட்டுக்குப் போன் செய்தேன். அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. அவர் முனக முனக, அவர் மனைவி எனக்கு எடுத்துச் சொன்னார். நீதான் போக வேண்டும். விமானக்காரர் வெள்ளைக்காரர். அவர் சொல்வதை அங்கே இழுக்க வரும் மீனவர்களிடம் தமிழில் சொல். நடப்பதைக் குறித்துக்கொள். நான் சரி என்றேன். விண்ணப்பத்தில் எழுதியதை அவர் மறந்திருக்க மாட்டார்.

மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் புடவை மாற்றிக்கொண்டேன். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்குத் தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை. அவர் தீபாவளிக்கு வாங்கித் தந்த நைலக்ஸ் புடவையை, வெள்ளைக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று கட்டிக்கொண்டேன். அம்மா மட்டும், "கடக்கரைக்குப் போறவ இதையா உடுத்துவா?" என்று கேட்டாள். அன்று அறிவோடு பேசிய முதல் ஆள் அவள்.

பட்டினப்பாக்கத்திலிருந்து மணலில் தெற்கே நடந்தால் முகத்துவாரம். தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் அதுவரை பார்த்த எந்த விமானத்தைப் போலவும் இல்லை. அடிப்பாகம் படகு, மேல்பாகம் விமானம். சக்கரமே கிடையாது, தண்ணீரில்தான் இறங்க வேண்டும். யுத்த காலத்து விமானத்தை ஏலத்தில் எடுத்து வெள்ளை அடித்து, ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஓட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார் வாக்கர் என்ற அறுபது வயதுக்காரர். முந்தின நாள் மாலை ஒரு என்ஜின் எண்ணெயைக் கக்கி நின்றுவிட, கடலில் இறக்கியிருக்கிறார். நங்கூரம் பிடிக்கவில்லை. அலை தள்ளிக்கொண்டு வந்து திட்டில் ஏற்றிவிட்டது. ஏற்றியதில், இடது இறக்கை நுனிக்குக் கீழே இருந்த மிதவை பிய்ந்துபோய், அந்த இறக்கை தண்ணீரைத் தொட்டுக்கொண்டு சாய்ந்து கிடந்தது.

இங்கிலாந்தில் விமானத்தை விற்று வரும் காசில்தான் மீதிக் காலத்தை ஓட்டுவதாக அவருக்குத் திட்டம். வேறு எதுவும் அவருக்கு இல்லை. இது எனக்கு அப்போதே புரிந்தது. புரிய வேண்டிய இன்னொன்று மட்டும் புரியவில்லை.

மீனவர்களுக்குத் தலைவர் தேசப்பன் என்பவர். நிதானமான ஆள். பதினோரு மணிக்கு மேல் நீர் ஏறும், அப்போது விமானம் மணலை விட்டுக் கிளம்பும், மூக்கில் கயிறு கட்டிக் கரையிலிருந்து வலை இழுப்பதுபோல் இழுத்து ஆற்றுக்குள் விட்டுவிடலாம் என்றார். பிற்பகல் காற்று எழுந்தால் அலை அதை உடைத்துவிடும் என்றும் சொன்னார். இதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் வாக்கரிடம் சொன்னேன். அவர் என்னைப் பாராட்டினார். அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது.

வாக்கர் விமானத்துக்குள் ஏறி, ஓட்டும் இடத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வேகமாக ஏதோ சொன்னார். அலைச் சத்தம் வேறு. எனக்குப் பிடிபட்டவை: 'ஆறு ஆட்கள்', 'இறக்கைமேல்', 'ஸ்டார்போர்டு'.

ஸ்டார் என்றால் நட்சத்திரம். போர்டு என்றால் பலகை. நான் நிமிர்ந்து பார்த்தேன். என் பக்கம் சாய்ந்து கிடந்த இறக்கையில், வெள்ளைப் பூச்சு உரிந்த இடத்தில், தட்டு அகலத்துக்கு ஒரு பழைய நட்சத்திரம் தெரிந்தது. (சத்தியமாகத் தெரிந்தது. நான் கற்பனை செய்யவில்லை.) எவ்வளவு எளிதாகப் போயிற்று என்று நினைத்தேன். தேசப்பனிடம், "அந்த நட்சத்திரம் போட்ட இறக்கையில ஆறு பேர் ஏறணுமாம்" என்றேன்.

கப்பல் மொழியில் அந்தச் சொல்லுக்கு வலப்பக்கம் என்று பொருள். மிதவை இல்லாத இடது இறக்கை அமிழாமல் இருக்க, வலது இறக்கையில் ஆட்களை ஏற்றிப் பாரம் வைக்கச் சொல்லியிருக்கிறார். கப்பல் சர்வேயர் அலுவலகத்தில் ஒரு வருடமாக அறிக்கை அடித்துக்கொண்டிருந்தவள் நான். எத்தனை முறை அந்தச் சொல்லை என் விரல்கள் அடித்திருக்கும் என்று தெரியாது. விரலுக்குத் தெரிந்தது மண்டைக்குப் போகவில்லை.

தேசப்பன் நகரவில்லை.

"இன்னாம்மா சொல்ற? அந்தாண்ட ஏற்கெனவே சாஞ்சிக்கினு கீது. அதுமேலயே ஏறுனா கவுந்துடும். தொரய இன்னொரு தபா கேளு."

நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று முப்பது பேருக்குத் தெரிந்துவிடும். அதனால், "விமானத்தை ஓட்டுறவருக்குத் தெரியாதா? அவர் சொன்னதைச் செய்யுங்க" என்றேன். ஒரு கையில் நோட்டுப் புத்தகம், இன்னொரு கையில் நனையாமல் தூக்கிப் பிடித்த நைலக்ஸ் புடவை. அந்தக் கோலத்தில் இருந்தவள் சொன்னதை, கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் கேட்டார்கள். படித்த பெண் சொல்கிறாள் என்று கேட்டார்கள்.

ஆறு பேர் ஏறினார்கள். ஏழுமலை என்ற மீனவர் தன் கட்டுமரத்தை அந்த இறக்கைக்கு அடியில் கொண்டுபோய், கயிறு சிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். நீர் ஏறியது. கரையில் நின்றவர்கள் இழுத்தார்கள். விமானம் மணலை விட்டு மெல்லக் கிளம்பியது. கிளம்பிய உடனே இடப்பக்கம் சரிந்தது.

வாக்கர் உள்ளேயிருந்து ஸ்டார்போர்டு, ஸ்டார்போர்டு என்று கத்தினார். நான் இன்னும் இரண்டு பேரை நட்சத்திரத்தின்மேல் ஏற்றினேன்.

இறக்கை அமிழ்ந்தது. எட்டுப் பேரும் வழுக்கித் தண்ணீரில் விழுந்தார்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது, கரையில் யாரோ சிரித்தார்கள்கூட. அப்போது ஏழுமலையின் குரல் கேட்டது. கீழே வந்த இறக்கைக்கும் கட்டுமரத்துக்கும் நடுவே அவருடைய கால் இருந்தது. விழுந்தவர்களும் வாக்கருமாகத் தோள் கொடுத்து இறக்கையைத் தூக்கி அவரை எடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையில் திரும்பியிருந்தது. கட்டுமரத்தை நிமிர்த்தி அதிலேயே அவரைக் கரைக்குக் கொண்டுவந்து, மீன் வண்டியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

விமானம் கதவு வழியாகத் தண்ணீர் குடித்து, இடுப்பளவு ஆழத்தில் உட்கார்ந்துவிட்டது. பிற்பகல் குப்பமே திரண்டு வந்து, ஆணும் பெண்ணுமாக இழுத்துக் கரையில் போட்டார்கள். மீட்டாயிற்று. இறக்கை மடங்கி, என்ஜின்களில் உப்புத் தண்ணீரும் மணலும் ஏறி, இனி பறக்காது என்று யாருக்கும் தெரிகிற நிலையில் மீட்டாயிற்று.

வாக்கர் மணலில் உட்கார்ந்து, அவர்களிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். இந்தமுறை மெதுவாகக் கேட்டதால் முழுக்கப் புரிந்தது. நான் நட்சத்திரத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு வலப்பக்கம் என்று பொருள் சொன்னார். பழைய ராணுவ முத்திரை, நன்றாகச் சுரண்டிவிட்டுப் பூசியிருக்க வேண்டும் என்றார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அழுதிருப்பேன், முடிந்திருக்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழுமலை மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி கன்னியம்மா. பெரிய அலை ஒன்று வந்துவிட்டதாகவும், சமயத்தில் விலகாமல் தான்தான் ஏமாந்துவிட்டதாகவும் ஏழுமலை எனக்குச் சமாதானம் சொன்னார். குப்பத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்களாம். துரை சொன்னதில் தப்பு இருக்காது என்று.

அலை இல்லை, நான்தான் என்று சொன்னேன். நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னேன்.

ஏழுமலை கேட்டார். "அப்ப அந்தப் பேச்சுக்கு இன்னாம்மா அர்த்தம்?"

"வலது பக்கம், அண்ணே."

"அத்த அப்டியே சொல்லிக்கலாமே அந்த ஆளு" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கால் வலித்து முகம் சுளித்தது. கன்னியம்மா சிரிக்கவில்லை. என்னைப் போகச் சொன்னாள். "இனிமே இந்தாண்ட வராத."

ஆபீசுக்கு வந்து அறிக்கையை அடித்தேன். திடீர் அலை என்று அடித்தால் எனக்கு வேலை இருக்கும், ஏழுமலைக்கு நஷ்டஈடு இருக்காது. மொழிபெயர்த்தவளின் தவறு என்று அடித்து அதிகாரி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். கன்ன வீக்கம் வடிந்து அவர் ஆபீசுக்கு வந்தபோது ஒரே ஒரு திருத்தம் செய்திருந்தார். 'ஸ்டார்போர்டு' என்பதை நான் இரண்டு சொல்லாக அடித்திருந்தேன், அதை ஒன்றாகச் சேர்த்திருந்தார். பிறகு, அடுத்த மாதத்திலிருந்து வரவேண்டாம் என்றார். ஏழுமலைக்கு ஏதோ கொடுத்தார்கள். கால் ஒட்டியது, ஆனால் குட்டையாக ஒட்டியது. கட்டுமரத்தில் அவரால் நிற்க முடியவில்லை. கரையில் உட்கார்ந்து வலை பின்னினார்.

கன்னியம்மா மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்பவள். நான் போய் நின்றால் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கூடையை மூடுவாள். ஏழெட்டு மாதம் அப்படி. ஒரு நாள் கூடையை மூடாமல் இரண்டு சங்கரா மீனை என் பையில் போட்டாள். நான் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். இருவரையும் அழைத்தேன், வந்தார்கள். பந்தியில் என் மாமனார் ஏழுமலையிடம், பெண்ணை எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் எதிர் இலையில் உட்கார்ந்திருந்தேன்.

ஏழுமலை கதையைச் சொன்னார். பிரமாதமாகச் சொன்னார். நட்சத்திரம், நைலக்ஸ் புடவை, துரையின் கூச்சல், எட்டுப் பேரும் தொப்பு தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. பந்தியே சிரித்தது. மாமனாருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எட்டுப் பேரும் எழுந்து வீட்டுக்குப் போனதோடு ஏழுமலையின் கதை முடிந்தது. அவர் கட்டுமரம் அதில் வரவே இல்லை. கை கழுவப் போகும்போது அவர் காலைத் தாங்கி நடப்பதைப் பார்த்து மாமனார், காலில் என்ன என்று விசாரித்தார்.

"அது வேற நைனா. கடல்ல பட்டது."

கன்னியம்மா இலையிலிருந்து நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள்.

எங்கள் வீட்டில் இன்றுவரை அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பேரன் பேத்திகள்வரை வந்துவிட்டது. ஏழுமலை சொன்னபடியே சொல்கிறார்கள். நானும் கூட உட்கார்ந்து சிரிக்கிறேன். நடுவில் எழுந்து, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.