ஞாயிற்றுக்கிழமை செஸ் வகுப்பு

அன்று காலை பல் துலக்கும்போதே உறுதியாக முடிவு செய்துவிட்டேன். இந்த வீட்டில் இனி ஒரு முடிவையாவது நான் எடுப்பேன். எந்த முடிவு என்பதுதான் தெரியவில்லை. அதைக் கலாதேவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றிருந்தேன்.

என் பெயர் தனேஸ்வரன். மலேசியாவில், ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எனக்குக் கீழே முப்பத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். சாயங்காலம் அதே ஈப்போவில் புந்தோங்கில் என் வீட்டுக்குள் நுழைந்தால் எனக்குக் கீழே என் செருப்பு மட்டும்தான். அதையும் எங்கே கழற்ற வேண்டும் என்று மனைவி கலாதேவிதான் சொல்வாள். அவள் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறாள். நோயாளிகளில் பாதிப் பேர் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே, அவளைப் பார்த்ததும் குணமாகிவிடுகிறார்கள். மகள் பிரமிளாவுக்கு ஒன்பது வயது. அவள் அம்மா கட்சி.

எனக்கான முடிவு, ஜைனுலாப்தீன் அண்ணன் கடையில் ரொட்டி சானாய் தட்டோடு வந்து சேர்ந்தது. கல்லாவுக்கும் முறுக்கு ஜாடிக்கும் நடுவில் பளபளவென்று ஒரு கோப்பை. அவர் மகள் ஆஃப்ஷீன் செஸ் போட்டியில் வாங்கியதாம். குழம்பு கேட்டால்கூட, கோப்பையின் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் ஊற்றினார்.

“எல்லாம் ஆன்லைன் கிளாஸ் தம்பி. கிளாஸ் நடக்கும்போது வீட்டுல ஒருத்தரும் எங்கயும் நகரமுடியாதுலா.”

ரொட்டியைத் தட்டில் வைத்தேன். நகரமுடியாதா? எங்கேயும் போக முடியாதா? பாகான் செராய்க்கும்கூடவா?

இந்த இடத்தில் என் மாமனார் பத்துமலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகான் செராயில் வயல்களுக்கு நடுவே, அரை ஏக்கர் நிலத்தில் தனியாக இருக்கிறார். அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் மண்டோர். நாற்பது பேரை மேய்த்தவர். தோட்டம் விலைபோய்விட்டது, ரப்பர் மரம் போய்விட்டது, ஆட்களும் போய்விட்டார்கள். மண்டோர் மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை ஆறரைக்கு வாசலில் பிரட்டு வைப்பார். பிரட்டு என்றால், விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. இங்கே வரிசையே நான் ஒருவன்தான். நோட்டைத் திறந்து, கண்ணாடியை மாட்டி, “தனேஸ்வரன்!” என்று அடுத்த ஊருக்குக் கேட்கும்படி கூப்பிடுவார். மூன்றடி தள்ளி நிற்கும் நான் “இருக்கேன் மாமா” என்று சொல்ல வேண்டும்.

அப்புறம் வேலை. கோழிக்கூடு கழுவு, வாழைக்குக் குழி வெட்டு, வாய்க்கால் தூர் எடு. ஒருமுறை பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி, போட்டுவிட்டார். அன்று மத்தியானம் எனக்குக் கோழிக்குழம்பு உண்டு, கோழி இல்லை. கலாதேவி அங்கே போனதும் சமையற்கட்டுக்குள் போய்விடுவாள். அப்பா வீட்டில் மகளுக்கு என்ன குறை, ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

பாகான் செராய் வீட்டில் இணையம் கிடையாது, கைப்பேசிக்கு லைனும் கிடையாது, ஒரு பழைய வீட்டு போன் மட்டும்தான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஆன்லைன் வகுப்பு கிடைத்தால் நாங்கள் வீட்டோடு இருக்க வேண்டியதுதான். என் ஞாயிற்றுக்கிழமை எனக்கே கிடைத்துவிடும். கல்யாணமான பதினோரு வருடத்தில் நான் பார்த்தே இராத பொருள் அது.

அன்று மாலையே ஆரம்பித்தேன்.

“கலா, பிரமிளாவுக்கு செஸ் கிளாஸ் போடலாம்.”

“யாரு சொன்னா?”

“நான் சொல்றேன்.”

“அதாங்க, உங்களுக்கு யாரு சொன்னா?”

“நானா யோசிச்சேன்.”

என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“இங்க பாரு, எந்த கிளாஸ், என்னைக்கு, எத்தனை மணிக்கு, எல்லாத்தையும் நான்தான் முடிவு பண்ணுவேன். இந்த ஒண்ணுல மட்டும் நீ தலையிடக்கூடாது.”

கலாதேவி என் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, “சரி, நீங்களே பாருங்க” என்றாள். பதினோரு வருடத்தில் இந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நானோ சந்தோஷப்பட்டேன்.

மூன்று இடங்களில் இலவச மாதிரி வகுப்புக்குச் சொல்லி வைத்தேன். முதலாவது கோலாலம்பூர். புஷ்பலதா டீச்சர். சனிக்கிழமை மாலை வகுப்பு. டீச்சர் பாடினார், ஆடினார், குதிரையை எட்டுத் திசையிலும் தாண்டவிட்டார். பிரமிளா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ப்பா, இந்த டீச்சரே போதும்ப்பா!”

சனிக்கிழமை வகுப்பென்றால் என் ஞாயிறு மறுபடியும் மாமனாருக்குத்தான். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனேன். மோடம் அங்கேதான் இருக்கிறது.

“என்னங்க, லைன் போயிருச்சு.”

“கேஎல் லைன் அப்படித்தான்லா. பெரிய ஊரு, ஆளுங்க ஜாஸ்தி.”

“நம்ம மோடத்துல லைட்டே எரியலையே?”

“அதுவும் அவங்களாலதான்.”

இப்படி மூன்று முறை லைன் போனது. மூன்று முறையும் நான் அலமாரிக்குப் பின்னால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

“அந்த இடத்துல அப்படி என்னங்க தூசி?”

“அடேங்கப்பா, எவ்வளவு தூசி தெரியுமா!”

“பதினோரு வருஷத்துத் தூசி, இன்னைக்குத்தான் உங்க கண்ணுல படுது” என்றாள் கலாதேவி. ஆனால் புஷ்பலதா டீச்சர் வேண்டாம் என்பதற்கு அவள் மறுப்பே சொல்லவில்லை.

இரண்டாவது, சென்னை. புதன்கிழமை இரவு ஏழரை. பவித்ரன் என்று ஓர் இளைஞர். நல்ல தமிழ், நல்ல பொறுமை. இவரை எப்படிக் கழிப்பது என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே வந்து மாட்டினார். “யானை நேராகத்தான் போகும், பிரமிளா” என்றார்.

“மானா போலே! அதெப்படி முடியும்?” என்று நான் உள்ளே பாய்ந்தேன். “யானை குறுக்கால போறதுங்க.”

“சார், மூலையில நிக்குதே, அதுதான் யானை. நேராப் போகும்.”

“மூலையில நிக்கிறது கோட்டை சார். நாங்க இடைநிலைப்பள்ளியில மலாய்ல படிச்சோம். காஜாங்கிறது குறுக்காலதான் போகும். காஜான்னா யானைதானே?”

“எங்க ஊர்ல அதை மந்திரின்னு சொல்லுவோம் சார்.”

“யானையப் பாத்து மந்திரின்னு சொல்ற ஊரா?”

அரை மணி நேர வகுப்பில் இருபது நிமிடம் எங்கள் யானைச் சண்டையிலேயே போனது. இரண்டு ஊரிலும் யானைக்கு வேறு வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அது எனக்கும் ஐந்தாவது நிமிடத்திலேயே விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதைக் காட்டிக்கொள்ளாமல், “பிள்ளை குழம்பிப் போவா கலா, இது சரிப்படாது” என்று தலையை ஆட்டினேன். கலாதேவியும் ஆட்டினாள்.

மூன்றாவது ஆள்தான் நான் தேடிய தெய்வம். ஈப்போவிலேயே இருக்கும் சன்னாசி சார். ஓய்வு பெற்ற ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. திரையில் அவருடைய நெற்றியும் ஒரு மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு காய்க்கும் நடுவில் ஒரு கொட்டாவி விட்டார். பிரமிளா தூங்கி விழ ஆரம்பித்தாள். காரியம் கெட்டுவிடும் போலிருந்தது. கேமராவில் தெரியாதபடி மேசைக்கடியில் உட்கார்ந்துகொண்டு, “குதிரைய எடு… இல்ல, அந்தக் குதிரை… வெட்டு, வெட்டு!” என்று கிசுகிசுத்தேன்.

“அங்க யாரோ ஆம்பள குரல் கேக்குதே?” என்றது நெற்றி.

“டிவி சார்” என்றாள் கலாதேவி.

கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. என் மனைவி என் பக்கம்! பிரமிளா சாரை ஜெயித்தாள். அதாவது டிவி ஜெயித்தது.

“இதான் கிளாஸ். இதுலயே சேத்துடுவோம்” என்றேன்.

“ஞாயித்துக்கிழமையாச்சே. அப்ப அப்பா வீடு?”

இதற்காகவே கண்ணாடி முன் நின்று ஒரு சோக முகத்தைப் பழகி வைத்திருந்தேன். அதை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

“எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா கலா? மாமாவ நெனச்சாலே நெஞ்ச அடைக்குது. ஆனா பிள்ளை படிப்புன்னு வந்துட்டா, நாமதான விட்டுக் கொடுக்கணும்?”

“உங்களுக்கு எங்கப்பா மேல இவ்வளவு பாசமா?”

“சொன்னா நம்பமாட்டே.”

“நம்புறேங்க” என்றாள் கலாதேவி. அன்றைக்கே பணம் கட்டிப் பெயரையும் பதிந்துவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எடுத்தேன் பாருங்கள் ஒரு முடிவு!

சனிக்கிழமை மத்தியானம் சாய்வு நாற்காலியைத் துடைத்து ஹாலில் போட்டேன். காலையில் எட்டு மணி வரை தூக்கம், பிறகு தே தாரே டீ, பிறகு பேப்பர், பிறகு மறுபடியும் தூக்கம். திட்டம் தயார். அப்போது கலாதேவி என் ரப்பர் பூட்ஸையும் பழைய கால்சட்டையையும் கொண்டுவந்து வாசலில் வைத்தாள்.

“இது எதுக்கு?”

“நாளைக்கு அப்பா வீட்டுக்குப் போறதுக்கு.”

“நாளைக்குக் கிளாஸ் இருக்கே!”

“கிளாஸ் பிள்ளைக்குத்தானங்க. நீங்க என்ன செஸ்ஸா படிக்கப் போறீங்க? பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் உக்காந்திருக்கணும்னு சார் சொல்லிட்டாரு. நான் உக்காந்துக்கறேன்.”

“நான் உக்காந்துக்கறேன்! நீ போய் உங்கப்பாவப் பாத்துட்டு வா. பெத்த மக நீதானே?”

கலாதேவி கைப்பேசியை எடுத்து நீட்டினாள். சன்னாசி சாரின் செய்தி. ‘மாணவியின் அருகில் தாயார் மட்டும் அமரவும். அந்த டிவி வேண்டாம்.’

செய்தியை இரண்டு முறை படித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

“அதோட, அப்பாவ நெனச்சாலே உங்களுக்கு நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னீங்களே, அத அப்படியே அவருகிட்ட சொல்லிட்டேன். போன்லயே அழுதுட்டாருங்க.”

“உங்கப்பாவா? அழுதாரா?”

“ஆமா. அழுது முடிச்சுட்டு, மாப்பிள்ளைய ஆறு மணிக்கே வரச் சொல்லுன்னாரு.”

ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்பினேன். நெடுஞ்சாலையில் என்னையும் காய்கறி லாரிகளையும் தவிர வேறு யாரும் இல்லை. ஆறு மணிக்குப் பிரட்டு. பேர் கூப்பிட்டார். “இருக்கேன் மாமா” என்றேன். கோழிக்கூடு, வாழை, வாய்க்கால் எல்லாம் வழக்கம்போல. அது முடிந்ததும் நோட்டில் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

“கலாதேவி வரல. அவ வேலையும் ஒனக்குத்தான், மாப்ளே.”

அப்போதுதான் சமையற்கட்டுக்குள் முதல்முறையாக நுழைந்தேன். ஒரு வாரத்துப் பாத்திரம் குவிந்து கிடந்தது. ஒரு வாரத்துத் துணியும் ஊறிக்கொண்டிருந்தது. மிளகாய் வறுத்து அரைக்க வேண்டும். ஏழு நாளைக்கும் கருவாட்டுக் குழம்பை வைத்துப் பெட்டி பெட்டியாக ஐஸ்பெட்டியில் அடுக்க வேண்டும். ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள் என்று நான் நினைத்த இடத்தில் உட்கார ஒரு பலகைகூட இல்லை. பதினோரு வருடமாக இதையா செய்தாள்? வெட்கமாக இருந்தது. கலாதேவி மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. மிளகாய் வறுக்க ஆரம்பித்ததும் அந்த இரக்கம் முழுவதும் என் மேல் திரும்பிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியபோது கலாதேவி நான் துடைத்து வைத்த சாய்வு நாற்காலியில் இருந்தாள்.

“கிளாஸ் எப்படிப் போச்சு?”

“ஜோரா போச்சு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கருவாட்டு வாடை.”

அடுத்த ஞாயிறும் அப்படித்தான். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். முதுகு முதுகாக இல்லை. முட்டிவலி என்று சொல்லிப் பார்த்தேன். கலாதேவி கிளினிக்கிலிருந்து தைலம் கொண்டுவந்து, அதையும் பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எனக்கு ஒரே ஆறுதல் பிரமிளாதான். ஒருநாள் என்னோடு ஓர் ஆட்டம் ஆடினாள். நான் இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை, தோற்றுவிட்டேன். பிள்ளைக்கு வித்தை ஏறுகிறது! அப்பன் படும் பாடு வீண் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை என் மகள் திரைக்கு முன் அறிவை வளர்க்கிறாள், அதற்காக நான் கோழி எச்சம் சுரண்டுகிறேன் என்று நினைக்கும்போது, எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

நான்காவது ஞாயிறு. மாமனார் என்னைக் கூரைமேல் ஏற்றிவிட்டார். தண்ணீர் போகும் தகரக் குழாயில் இலை அடைத்திருக்கிறதாம். ஏறி உட்கார்ந்ததும் என் சட்டைப் பையில் கைப்பேசி டிங் டிங்கென்று அடித்தது. கூரைமேல் லைன் கிடைக்கிறது என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன். மணி பத்தே முக்கால். வகுப்பு முடிகிற நேரம். சார் பாராட்டும்போது என் காதிலும் விழட்டுமே என்ற ஆசையில் கலாதேவிக்கு அடித்தேன். பிரமிளாதான் எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல், பாட்டு, யாரோ ஒலிபெருக்கியில் பேசுகிற சத்தம்.

“என்னம்மா அங்க சத்தம்?”

“மால்ப்பா. படம் பாக்க வந்திருக்கோம். அம்மா பாப்கார்ன் வாங்கப் போயிருக்காங்க.”

“என்னது, மாலா? கிளாஸ் நேரத்துல மால்ல என்ன செய்றீங்க?”

“கிளாஸா? அத செவ்வாய்க்கிழமைக்கு மாத்தி மூணு வாரம் ஆச்சேப்பா. நீங்க வேலை முடிஞ்சு லேட்டா வர்ற அன்னைக்கு. ஏம்ப்பா, அம்மா உங்ககிட்ட சொல்லவே இல்லையா?”