திங்கட்கிழமைக் காக்கை

நாட்டில் எது குறைந்தாலும் நினைவு குறையக் கூடாது என்ற உயரிய நோக்கத்தோடு, ஹங்கேரியில் டிஸா ஆற்றங்கரைச் சிறுநகரம் ஒன்றில் 'பழைய தொலைக்காட்சி நினைவுகள் பதிவு மற்றும் பராமரிப்பு அலுவலகம்' திறக்கப்பட்டது. ஊரே அப்போது பழைய காலத்தின்மேல் பைத்தியமாக இருந்தது. காபிக்கடையில் புத்தம்புது நாற்காலிகளைச் சுத்தியலால் தட்டிப் பழசாக்கிப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தால் துணி கிழியும். ஆனால் அறுபதுகளின் சுகம் இருக்கிறது என்றார்கள்.

அந்த அலுவலகத்தின் படியேறி ஏறியே எடெல்காவுக்கு முழங்கால் போய்விட்டது. வயது எழுபத்தெட்டு. 1960 முதல் இரண்டு வருடம், தோபியாஷ் என்ற பொம்மைக் காக்கையோடு தொலைக்காட்சியில் வாயாடியவள் அவள்தான். அந்தக் காக்கையைக் கையில் மாட்டிக்கொண்டு, மேசைக்கடியில் மடங்கிக் கிடந்து குரல் கொடுத்தவர் அவள் கணவர் டெஜோ. எல்லாம் நேரடி ஒளிபரப்பு. ஒரு நிமிடம்கூடப் பதிவாகவில்லை. டெஜோவின் பெயரையும் யாரும் திரையில் போடவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் அவர் போய்ச் சேர்ந்தார். இப்போது நகரசபைச் சுவரில் காக்கைக்குக் கல்வெட்டு வைக்கிறார்களாம். அதில் டெஜோவின் பெயர் வந்தே ஆக வேண்டும் என்று எடெல்கா ஒற்றைக்காலில் நின்றாள்.

அதிகாரியின் பெயர் டாக்டர் சில்வாஷி. சட்டத்தில் டாக்டர். வயது முப்பத்திரண்டு. வயதான பெண்களை அந்த ஊர் வழக்கப்படி 'நேனி', அதாவது அத்தை, என்று கூப்பிடுவார்.

"உக்காருங்க எடெல்கா நேனி. உங்க மனுவுல ஒரு சின்னச் சிக்கல். நிகழ்ச்சி செவ்வாய்க்கிழமைன்னு எழுதியிருக்கீங்க."

"செவ்வாய்க்கிழமைதானே வந்துச்சு?"

"பதிவேட்டுல நானூத்திப் பன்னெண்டு பேரு திங்கக்கிழமைன்னு சொல்லியிருக்காங்களே."

"திங்கக்கிழமை டிவியே கிடையாதே டாக்டர் சார்! வாராவாரம் அன்னைக்கு லீவு. நாடு பூரா பெட்டி சும்மா கிடக்கும். எம்பத்தொம்பது வரைக்கும் அப்படித்தானே இருந்துச்சு?"

"எனக்கு அப்ப ஏழு வயசு. அதோட அது உங்க தனிப்பட்ட கருத்து. முதல் நினைவு யாரோடது தெரியுமா? மேயரோடது. அவரே திங்கள்னுதான் எழுதியிருக்காரு."

"மேயரா? நிகழ்ச்சி நின்ன மறுவருஷம்தானே அவன் பொறந்தான்! ஞானஸ்நானத்துக்கு நான்தான் கேக் செஞ்சேன்."

"பொறக்கறதுக்கு முன்னாடி வந்ததையே ஞாபகம் வச்சிருக்காருன்னா, எவ்வளவு ஆழமான நினைவு பாருங்க!"

"ஊர்ல மொத்தமே பதினோரு பெட்டி. நானூறு பேரும் எங்க உக்காந்து பாத்தாங்க?"

"அவங்கவங்க வீட்டுலதான். சரி, அவங்களாவது பாத்தாங்க. நீங்க எத்தனை தடவை பாத்தீங்க?"

"நான் எப்படிப் பாக்குறது? நான் பெட்டிக்குள்ளல்ல இருந்தேன்!"

"அதத்தான் சொல்றேன். ஒரு தடவைகூடப் பாக்காதவங்க சாட்சியத்த நான் எப்படி ஏத்துக்கறது?"

சில்வாஷி கெட்டவர் அல்லர். விதிக்கு உட்பட்டு இரக்கப்படக்கூடியவர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கிழமைய மட்டும் மாத்திடுங்க நேனி. ஏற்கப்பட்ட நினைவோட ஒத்துப்போயிட்டா, உங்க வீட்டுக்காரர் பேர நாளைக்கே கொத்திடலாம்" என்றார்.

எடெல்கா யோசித்தாள். ஊர் முழுக்கச் சிரித்தபோது மேசைக்கடியில் முதுகு வளைந்து கிடந்த மனுஷன். ஒரு கிழமைதானே, போனால் போகிறது என்று கையெழுத்துப் போட்டாள். நானூற்றுப் பதிமூன்றாவது நினைவு.

திறப்பு விழா பொருத்தமாகத் திங்கட்கிழமை நடந்தது. பேண்டு வாத்தியம் முழங்க, மேயர் தான் பார்த்த நிகழ்ச்சியை நினைத்துக் கண்கலங்கினார். கல்லில் டெஜோவின் பெயர் பளிச்சென்று இருந்தது. எடெல்காவுக்கு நெஞ்சு நிறைந்து அழுகை வந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். வென்செல், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்.

"நேனி, எனக்கு அப்ப பத்து வயசு. செவ்வாய்க்கிழமை ஆனா முக்காலியத் தூக்கிக்கிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு ஓடுவோம். ஒரு நாள் காக்கையோட இறக்கை கழண்டு விழுந்துச்சு. கீழயிருந்து ஒரு கை வந்து மேசையத் தடவித் தடவித் தேடுச்சு. கட்டைவிரல்ல கட்டு வேற. 'பாவம்டா, அடியில ஒரு ஆளு இருக்காரு'ன்னு எங்கம்மா சொன்னாங்க."

இந்த ஊரில் டெஜோவைப் பார்த்த ஒரே ஆள். எடெல்காவுக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"செவ்வாய்க்கிழமையா?" சில்வாஷி குறிப்பேட்டைத் திறந்தார். "இவர் சொல்றது சரியா நேனி? சரின்னா கல்வெட்டையே மறுபரிசீலனைக்கு அனுப்பணும்."

பக்கத்தில் நின்ற கல்தச்சர் உளியை எடுத்துத் துடைத்தார்.

எடெல்கா சுவரைப் பார்த்தாள். "கை வந்தது நெஜம்தான்" என்றாள். "ஆனா கிழமையத் தப்பா சொல்றீங்க தம்பி. அது திங்கக்கிழமை."

வென்செல் அவளைப் பார்த்தார். சுற்றி நின்ற நானூறு பேரையும் பார்த்தார். "அப்படியா?" என்றார். "ஆமாமா... திங்கக்கிழமைதான். எனக்கும் வயசாச்சு பாருங்க."

கூட்டம் கைதட்டியது. நானூற்றுப் பதினான்காவது நினைவு அந்த இடத்திலேயே பதிவாயிற்று.

எடெல்கா ஆற்றங்கரை வழியாக வீட்டுக்கு நடந்தாள். அந்தக் காலத்தில் மற்ற நாளெல்லாம் தொலைக்காட்சி நிலையத்தில் வேலை; ஒளிபரப்பு இல்லாத திங்கட்கிழமை ஒன்றுதான் டெஜோவுக்கு ஓய்வு. கெளுத்தி பிடிக்கிறேன் என்று படகில் அவளை ஏற்றிக்கொண்டு போவார். ஒரு மீனும் சிக்காது. இருவரும் சொட்டச் சொட்ட நனைந்து சிரித்துக்கொண்டே வருவார்கள். அதெல்லாம் நடக்கவில்லை. அத்தனை திங்கட்கிழமையும் டெஜோ மேசைக்கடியில்தான் கிடந்தார் என்று எடெல்காவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.