கடைசிப் பத்துப் பேர்

ட்யூஷன் வாத்தியார் சீதாராமனுக்கு மீரா சாகிப் தரவேண்டிய பாக்கி நானூற்றைம்பது திர்ஹம். அது வரும்வரை ஃபஸ்னாவுக்குக் கணக்குப் பாடம் கிடையாது என்று வாத்தியார் கதவைச் சாத்திவிட்டார்.

ஐந்தாம் வகுப்பில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள் ஃபஸ்னா. இந்த வருஷமும் தோற்றால் டீசிதான். அப்புறம் தாயும் மகளும் ஊருக்குத் திரும்பிக் கீழக்கரையில். மீரா சாகிப் மட்டும் இங்கே, மறுபடி எட்டுப் பேர் படுக்கும் ரூமில்.

அந்த நேரத்தில் ஃபஸ்னாவின் பள்ளிக்கூடத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இலவசத் தனி வகுப்பு. பரீட்சை வைத்துக் கடைசிப் பத்துப் பேரைச் சேர்ப்பார்கள்.

"நம்ம புள்ளைக்குன்னே ஆரம்பிச்ச மாதிரி இருக்குங்க," என்றாள் மனைவி அஸ்மத் பீவி.

பாக்கி கேட்டுக் கராமாவில் இருந்த மீரா சாகிப்பின் குரோசரிக் கடைக்கு வந்த சீதாராமன் வேறு கதை சொன்னார்.

"அந்த வகுப்பு எடுக்கிறது நளினி டீச்சர் பாய். வருஷக் கடைசிக் கேள்வித்தாள் தயார் பண்றதும் அவங்கதான். அதுல இடம் பிடிக்க ஸ்கூல்ல எல்லாப் புள்ளைங்களும் தோக்கறதுக்குப் படிக்குது. என் பையன் சரவணகுமாருக்கும் ட்ரெயினிங் குடுக்கறேன்."

"முதல் ரேங்க் பையனாச்சே சார்?"

"அதான் கஷ்டம். கை தானா சரியா எழுதிடுது."

போட்டி பலமாக இருந்தது. ஃபஸ்னா தவறிப்போய் நாலு மார்க் வாங்கிவிட்டால்? பரீட்சை முழுக்கச் சரியா தப்பா என்று போடும் கேள்விகள். மீரா சாகிப் மகளை உட்காரவைத்தார்.

"உனக்குச் சரின்னு தோணினா தப்புன்னு போடு. தப்புன்னு தோணினா சரின்னு போடு."

"எல்லாத்துக்குமா வாப்பா?"

"ஒண்ணு விடாம."

வாழ்க்கையில் முதல்முறையாக ஃபஸ்னா வாப்பா சொன்னதை அப்படியே செய்தாள்.

தாள் திருத்தியதும் நளினி டீச்சர் மீரா சாகிப்பைக் கூப்பிட்டனுப்பினார். "உங்க பொண்ணுதான் முதல் மார்க்."

மீரா சாகிப்பின் முதுகில் சிமெண்ட் மூட்டை ஏறியது போலிருந்தது. "அப்ப அந்தத் தனி வகுப்பு?"

"அவளுக்கு எதுக்கு? ஆனா தினமும் வரணும். முதல் மார்க் வாங்கின புள்ளைதான் அங்க மத்தவங்களுக்குச் சொல்லித்தரணும். புது முறை."

சாயங்காலம் சீதாராமன் கடைக்கு வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"என்கிட்ட இருந்தப்ப ஒண்ணும் ஏறலையே பாய். அப்புறம் யார்கிட்ட விட்டீங்க?"

"யார்கிட்டயும் இல்ல சார். வீட்ல நான்தான்."

வாத்தியார் மீரா சாகிப்பின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாக்கியை விடுங்க பாய். என் பையன் அந்தக் கடைசிப் பத்துல வந்துட்டான். உங்க பொண்ணுகிட்ட சொல்லி, என் பையனை முதல் பெஞ்சில உக்காத்தி வைக்கச் சொல்லுங்க."