கோவிச்சுக்கொண்டு போக ஒரு பாஸ்

ஊர் உலகத்தில் புருசனோடு சண்டை வந்தால் பெண்தான் பெட்டி கட்டுவாள். மட்டக்களப்பில் அந்தக் கதை நடக்காது. இங்கே வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளைதான் வந்து குடியேறியவர். ஆகவே கோவித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போகும் உரிமை, தலைமுறை தலைமுறையாக ஆம்பிளைக்கே உரியது.

நாவற்குடா உதயரூபன் அந்த உரிமையை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்தான். சண்டை என்றால் உடுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பழுகாமத்துத் தாய்வீட்டுக்குப் போய்விடுவான். தாய் அன்னப்பூரணி இறால் பொரித்து வைப்பாள். ஓரிரு நாளில் மனைவி தனுஷியா வந்து கூப்பிடுவாள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் தேன் வடிய, திரும்பி வருவான். வந்த மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் மரியாதை என்று ஒன்று இருந்ததென்றால், அது இந்தப் போக்குவரத்தில்தான் இருந்தது.

அந்தப் பாதையில்தான் கொரோனா வந்து குறுக்கே படுத்தது.

உதயரூபன் சவுண்ட் சேர்விஸ் முதலாளி. சொந்தமாக ஒரு சின்ன லொறியும் உண்டு. ஆனால் கலியாணமில்லை, கோயில் திருவிழாவில்லை. ஊரே வாயைக் கட்டிக்கொண்டு திரிகையில் ஒலிபெருக்கிக்கு என்ன வேலை? ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள் விறாந்தையில் சும்மா நின்றன. ஒருநாள் விடிய எழும்பினால், பழுது பார்க்கக் கழற்றி வைத்த பெட்டிக்குள்ளிருந்து ‘கொக் கொக்’ என்று சத்தம்.

“தனு! பெட்டிக்குள்ள கோழி கிடக்கு!”

“அடை வச்சிரிக்கன். கத்தாதீங்க, முட்டையெல்லாம் கூமுட்டையாப் போயிரும்.”

“இது ஊரையே அதிர வச்ச பெட்டி புள்ள!”

“நாலு குஞ்சாவது பொரிக்கட்டும். வீட்டில சும்மா கிடக்கிறதுல அது ஒண்டாவது வேலைக்குப் போகுதே.”

உதயரூபனுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

“நான் போறன்!”

“எங்க?”

“எங்கட அம்மாட்ட!”

“போங்க. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு போங்க.”

சந்தியில் பொலிஸ் மறித்தது. ஊரடங்குப் பாஸ் எங்கே? என்ன விசயமாகப் போகிறாய்? பொய் வாயில் வரவில்லை. “கோவிச்சுக்கொண்டு போறன் சேர்” என்றான். ஊரடங்கு நேரத்தில் அது அத்தியாவசிய சேவை ஆகாதாம். ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுமுன் வீட்டில் நின்றான்.

“என்ன, மாமி சுகமா இரிக்காவா?” என்றாள் தனுஷியா, சுளகில் அரிசி புடைத்தபடி.

அன்றிலிருந்து அவன் கோபமும் கோழியோடு சேர்ந்து வீட்டுக்குள்ளேயே அடைகாத்தது. போக வழியில்லாத ஆம்பிளையின் கோபத்தை யார் மதிப்பார்? “நான் போயிருவன்” என்று வெருட்டினால், “கதவைச் சாத்திற்றுப் போங்க” என்று பதில் வந்தது.

ஒருநாள் சோறு போடும்போது தனுஷியா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

“ஆரையம்பதிப் பக்கம் சுப்பர்மார்க்கெட்டுக்கு லொறியோட ஆள் வேணுமாம். வீடு வீடாச் சாமான் குடுக்க. பாஸும் குடுக்கிறாங்களாம். உங்களுக்குச் சரிவராது.”

“ஏன் சரிவராது?”

“நீங்க முதலாளி. பிறத்தியார்ர வாசல்ல பருப்புப் பையோட நிப்பீங்களா?”

அவன் காதில் பருப்பு விழவில்லை. பாஸ் விழுந்தது.

“நிப்பன்! நாளைக்கே நிப்பன்!”

மனதுக்குள் திட்டம் முளைத்துவிட்டது. பழுகாமப் பக்கம் ஒரே ஒரு சாமான் ஓடர் வரட்டும். லொறியோடு போய் அம்மா வீட்டில் குந்திவிடுவது. தனுஷியா வந்து கெஞ்சினாலும் ஒரு கிழமைக்கு அசைவதில்லை.

முதல் நாள் முகாமையாளர் ஸாஹிர் நெற்றியில் வெப்பமானியைப் பிடித்து, பச்சைச் சட்டையைக் கொடுத்து அனுப்பினார். வேலை அவ்வளவு லேசாயில்லை. மாஸ்க்குக்குள்ளிருந்து “அக்கா, சாமான்!” என்று கத்தினால், கிணற்றுக்குள் தவளை கத்தின மாதிரி இருந்தது. படலை திறப்பார் யாருமில்லை.

ஒலிபெருக்கிக்காரனுக்கா இது பெரிய காரியம்? லொறிக் கூரையில் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டினான். சட்டைக் கழுத்தில் வயரில்லாத சின்ன மைக்கொன்றைக் குத்தினான்.

“அன்பார்ந்த தாய்மாரே! அரிசி, சீனி, பருப்பு உங்கள் வாசலில்!”

தெருவே படலைக்கு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: மஞ்சள்தூள். இறக்குமதி நின்று, அது தங்கத்தோடு போட்டி போட்ட காலம்.

“மஞ்சள் இல்ல அம்மா. மல்லி இரிக்கு.”

“பரவால்ல மனே. உன்ட சத்தத்தைக் கேட்டாத்தான் ஊர் உசிரோட கிடக்கெண்டு தெரியுது.”

அந்தச் சொல் அவனுக்கு இறால் பொரியலை விட ருசித்தது. ஆனாலும் வீட்டில், “வேலை எப்பிடி?” என்று தனுஷியா கேட்டால், “நாய்ப்பாடு” என்பான். சிரிப்பை இன்னும் கழற்றாத மாஸ்க் மறைத்துக்கொள்ளும்.

கடைசியில் வந்தது பழுகாம ஓடர். உதயரூபன் இரவே கட்டி வைத்திருந்த உடுப்புப் பையை, விடிய எழும்பி அரிசி மூட்டைக்குக் கீழே செருகினான். தனுஷியா வாசலில் நின்று, “பார்த்துப் போங்க” என்றாள். ‘பாவம், ஒண்டும் தெரியாது’ என்று அவனுக்கே இரக்கமாயிருந்தது.

பட்டிருப்புப் பாலத்தடியில் பொலிஸ் பாஸைப் பார்த்துக் கையசைத்து விட்டது. வாவிக் காற்று முகத்திலடித்தது. ராசா மாதிரிப் போய் அம்மாவின் படலையடியில் இறங்கினான்.

படலைக்குக் குறுக்கே உலக்கை. உலக்கைக்குப் பின்னால் அன்னப்பூரணி.

“அங்கேயே நில்லு மனே! ஊரெல்லாம் சுத்தி வாற ஆள். சாமானை இறக்கிற்றுத் தள்ளி நில்லு.”

“அம்மா, நான் சாமான் குடுக்க வரல்ல. கோவிச்சுக்கொண்டு வந்திரிக்கன்!”

தன் குரல் ஏன் இவ்வளவு கம்பீரமாக ஒலிக்கிறது என்று அவனே ஒரு கணம் வியந்தான். பக்கத்து வளவுகளில் தலைகள் எழும்பின.

“அவள் என்ட பெட்டிக்குள்ள கோழி அடை வச்சிற்றாள் அம்மா! என்னை ஒரு மனிசனாவே மதிக்கிறாளில்ல! எனக்கு இறால் பொரிச்சுத் தாங்க!”

வயலுக்கு அப்பாலும் ‘இறால்… இறால்…’ என்று எதிரொலித்தது. அப்போதுதான் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனான். மைக் திறந்தே கிடந்தது.

அன்னப்பூரணி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீ இப்பிடி வருவாயெண்டு தனு பிள்ளை நேத்தே போன்ல சொன்னவள். ஓடர் போட்டதும் அவள்தான். ஸாஹிர் தம்பியிட்ட உனக்கு வேலை கேட்டதும் அவள்தான்.”

“அவளா?”

“‘மாமி, மனிசன் வீட்டுக்குள்ள கிடந்து வாடிப்போறார். வேலைக்குப் போங்கண்டா ரோசம் வரும். பாஸ் குடுப்பாங்களெண்டாப் போவார்’ எண்டு அழுதாள்டா. உன்ட பையைத் திறந்து பாரு. எனக்கு மருந்து அனுப்பியிரிக்காள்.”

மூட்டைக்குக் கீழிருந்து பையை இழுத்தான். சட்டையுமில்லை, சாறனுமில்லை. தாயின் பிரசர் குளிசையும், ஒரு சரை மஞ்சள்தூளும் இருந்தன. நாவற்குடா முழுக்கத் தேடியும் கிடைக்காத மஞ்சள்!

மாற்றுடுப்பில்லாமல் எத்தனை நாள் கோவித்துக்கொண்டிருப்பது? அன்னப்பூரணி உலக்கை நுனியில் ஒரு தயிர்ச்சட்டியைக் கட்டி நீட்டினாள்.

“எனக்கா அம்மா?”

“தனுவுக்கு. உடைக்காமக் கொண்டு போ.”

எதிர் வளவிலிருந்து ஒரு கிழவர் கூப்பிட்டார். “தம்பி, கோவம் ஆறிற்றெண்டா ரெண்டு கிலோ சீனி தந்திற்றுப் போ!”

பின்னேரம் வீட்டுக்கு வந்தான். ஸ்பீக்கர் பெட்டிக்குள் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. உதயரூபன் தயிர்ச்சட்டியை நீட்டினான். தனுஷியா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“உங்கட உடுப்பெல்லாம் தோச்சு மடிச்சு அலுமாரியில வச்சிரிக்கன். நாளைக்கு ஓடர் சித்தாண்டிப் பக்கமாம். அங்க கோவிச்சுக்கொண்டு போக உங்களுக்கு ஆராவது இரிக்காங்களா?”