அவரவர் விதைத்த பாதி

இந்தக் கதையில் வரும் போட்டியின் பிற்பாதியை நான் பார்க்கவில்லை. வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வயல்காரர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவர் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் என் கஷ்டம்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். சின்ன டிராக்டர் வீட்டுக்கு வந்த அன்றே முடிவெடுத்தேன்: சாவி என் சட்டைப்பையை விட்டு வெளியே போகாது. குளிக்கப் போனாலும் சட்டை கூடவே வந்தது. கையேட்டை மூன்று முறை படித்தவன் நான். மனைவி அதன் அட்டையைக்கூடத் திருப்பவில்லை.

மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்தபோது களை இடுப்பு உயரம் வந்துவிட்டது. வரிசைகளுக்கு நடுவே டிராக்டரை ஓட்டிக் களையெடுக்க வேண்டும். ஆனால் விதைத்தபோதே எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒரு பாதியைப் புத்தகத்தில் உள்ள இடைவெளிப்படி நான் விதைத்தேன். மறு பாதியை அவள் தன் இஷ்டத்துக்கு விதைத்தாள்.

"ஏங்க, அவங்கவங்க விதைச்சதை அவங்கவங்களே ஓட்டுவோம். யாரு செடியைக் கம்மியா சாகடிக்கிறாங்களோ, சாவி அவங்களுக்கு."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க ஓட்டுறதைப் பாத்துக் கத்துக்கறேன்."

இவ்வளவு பணிவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

ஏறினேன். இடது சக்கரத்தை வரிசைக்கு நடுவில் விட்டால் வலது சக்கரம் செடிமேல் ஏறியது. வலதைக் காப்பாற்றினால் இடது ஏறியது. இரண்டையும் காப்பாற்றப் பார்த்தபோது பின்னால் மாட்டிய கலப்பை ஒரு வரிசைச் சோளத்தை வேரோடு பிடுங்கிவிட்டுக் களையைப் பத்திரமாக விட்டுவைத்தது.

"என்ன தம்பி, அதுக்குள்ள அறுவடையா?" என்றார் பக்கத்து வயல்காரர்.

நான்காவது வரிசையில் இறங்கி, சாவியை அவளிடம் நீட்டிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டேன். என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது, திணறாமல். தன் பாதி முழுவதையும் முடித்தாளாம். ஒரு செடிகூடச் சாயவில்லையாம். வண்டியைத் திருப்பும்போது ஒரு கையால் கூந்தலை வேறு முடிந்தாளாம். அதை அவர் இரண்டு முறை சொன்னார்.

மறுநாள், சக்கர அகலமே தப்பு என்று சண்டை போட டிராக்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் உட்காரச் சொன்னார். விதைப்புக்கு முன்பே என் மனைவி வந்து, இந்த வண்டியின் சக்கர இடைவெளியை அளந்துகொண்டு போனாளாம். கடைக்குப் பின்னால் ஓட்டியும் பழகினாளாம்.

"போகும்போது, 'எங்க வீட்டுக்காரர் வருவாரு. இந்த வண்டி உங்களுக்குச் சரிப்படாதுன்னு மட்டும் சொல்லுங்க, இதையேதான் வாங்குவாரு'ன்னாங்க சார்."

நம்பாமல் வீட்டுக்கு வந்து, டிராக்டர் வாங்கிய நாளின் டைரிக் குறிப்பைப் புரட்டினேன். 'இந்த வண்டி உங்களுக்குச் சரிப்படாது' என்று கடைக்காரர் அன்று சொன்னதைக் குறித்துவைத்திருக்கிறேன். அடிக்கோடிட்டு, பக்கத்தில் "எனக்கா?" என்று நானே எழுதியிருக்கிறேன்.