பாலைவனத்தில் நீர் போன கதை

குளிரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது. கனடாவில், மொன்றியலில் இருபது வருடத்துக்கு மேல் ஸ்னோ தள்ளியவன் நான். வேறு எது தெரியாவிட்டாலும் குளிர் தெரியாமலா போகும்? (வேறு எதுவும் தெரியாது என்பதை இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.)

சம்பவம் நடந்தது அவுஸ்திரேலியாவில். என் மனைவி மதியின் அண்ணன் அங்கே எஞ்சினியர். தன் தங்கை, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஒருவனைக் கட்டியதில் மனிதருக்குப் பெரிய கவலை. திட்டமாட்டார். ஆனால் கலியாணம் நடந்த நாளிலிருந்து என்னை "நீர்" என்றுதான் கூப்பிடுவார். "நீங்கள்" என்றால் மரியாதை. "நீ" என்றால் சொந்தம். இந்த "நீர்" இருக்கிறதே, அது ஆளை வாசலில் நிற்பாட்டிக் கதைக்கிற சொல்.

"இந்த முறையாவது அண்ணையிட்ட ஒரு நல்ல பேர் எடுங்கோ" என்று மதி பிளேனிலேயே சொல்லிவிட்டாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. அதனால் நானும் பகிடி விடாமல் தலையாட்டினேன்.

மச்சான் எங்களைக் கரவனில் கூட்டிப்போனார். காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற சக்கர வீடு. இரண்டு நாள் ஓட்டம். வழியெல்லாம் சிவப்பு மண்ணும் முகத்தில் மொய்க்கிற இலையானும்தான். வாயைத் திறந்தால் இலையான் போகும் என்பதால் நான் பேசாமல் வந்தேன். மதிக்குப் பரம சந்தோசம்.

போய்ச் சேர்ந்தது ஓபல் என்ற மணிக்கல் தோண்டுகிற ஒரு ஊர். அங்கே சனம் வெயிலுக்குப் பயந்து நிலத்துக்குக் கீழே வீடு குடைந்து இருக்கிறார்கள். மொன்றியலில் நாங்கள் குளிருக்குப் பயந்து நிலத்துக்குக் கீழே கடை கடையாய்த் திரிகிறோம். கடவுள் எங்கே விட்டாலும் மனிதன் எலிதான். மதி ஒரு சின்னப் போத்தலில் தண்ணீருக்குள் போட்ட ஓபல் துண்டுகள் வாங்கினாள். தண்ணீருக்குள் கிடந்தால்தான் அதன் நிறம் தெரியுமாம்.

அன்று பின்னேரம் ஊருக்கு நாற்பது கிலோமீற்றர் வெளியே, ஒரு பொட்டல் வெளியில் கரவனை நிற்பாட்டினோம். மச்சான் எனக்கு ஒரேயொரு வேலை தந்தார்.

"இங்க பைப் ஒண்டும் இல்லை. நீர் தண்ணியை மட்டும் பாத்துக்கொள்ளும்."

பார்த்தேன். அப்போதுதான் ரேடியோவில் இரவுக்குக் குளிர் இரண்டு பாகை என்று சொன்னான். மொன்றியலுக்குப் பக்கத்தில், லவாலில் என் முதலாளிக்கும் ஒரு கரவன் இருக்கிறது. குளிர் தொடங்க முதல் அதன் தண்ணீரை வடித்துவிடுவது என் வேலை. வடிக்காமல் விட்டால் உறைந்து குழாய் வெடிக்கும். பாவம், எஞ்சினியருக்கு இது எங்கே தெரியப்போகிறது? ஒருவருக்கும் சொல்லாமல் கரவனுக்குக் கீழே ஊர்ந்துபோய்த் தண்ணீர்த் தாங்கியின் திருகைத் திறந்தேன். நூறு லீற்றர் தண்ணீரை அந்தச் சிவப்பு மண் மடமடவென்று குடித்தது. காலையில் மச்சான் என் முதுகில் தட்டிப் பாராட்டுவார் என்று நினைத்தபடி நன்றாக நித்திரை கொண்டேன்.

காலையில் மச்சான் குளிக்கப் போனார். பைப்பில் மிச்சமிருந்த தண்ணீர் தலை நனைய மட்டும்தான் காணுமாயிருந்தது. ஷாம்பு போட்டு நுரை பொங்கும் நேரம் பைப் "புஸ்" என்றது. கண் எரிய, துவாயோடு தட்டுத்தடவி வெளியே வந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு பாகையில தண்ணி உறையாது. பூச்சியத்திலதான் உறையும். இது ஏழாம் வகுப்புப் பாடம்."

"நான் ஆறோட நிண்டிட்டன் மச்சான்."

மதி என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பாலைவனமே உறைந்திருக்கும். குடிக்க வைத்திருந்த தண்ணீரும் முதல்நாள் தேத்தண்ணியோடு முடிந்திருந்தது. கண்ணைக் கழுவ ஒரு சொட்டு இல்லை. பதறிப்போய்க் கைக்கு அகப்பட்ட ஓபல் போத்தலைத் திறந்து அவர் தலையில் கவிழ்த்தேன். தண்ணீர் கண்ணுக்குப் போனது. கல்லெல்லாம் நுரைக்குள் நின்றுவிட்டது. பச்சை, நீலம், சிவப்பு என்று வெயிலில் மின்னியது.

வாயை மூடியிருக்கலாம். அதற்கு வேறு ஆள் வேண்டும்.

"மச்சான், ஸ்னோ கொட்டி, நத்தார் பண்டிகைக்கு லைற் கட்டின எங்கட தெரு மாதிரியே இருக்கிறியள்."

மதி கண்ணை மூடிக்கொண்டாள். மச்சான் தலையைத் தடவினார். கையில் ஒரு கல் வந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பில் வயிறு குலுங்கத் தொடங்கியது.

"டேய் விசரா! உன்னை வச்சுக்கொண்டு என்ர தங்கச்சி எப்பிடியடா காலம் தள்ளுறாள்?"

மதி அழுதாள். சந்தோசத்திலா, தன் நிலைமையை நினைத்தா என்று நான் இன்னும் கேட்கவில்லை. காய்ந்த நுரையோடு நாற்பது கிலோமீற்றர் திரும்பி ஓடினோம். வழி முழுக்க "டேய்", "டேய்" என்றுதான் எனக்கு அர்ச்சனை.

இப்போது மொன்றியலில் முதல் ஸ்னோ விழுந்தால் போதும், அவுஸ்திரேலியாவிலிருந்து போன் வரும். "டேய், தண்ணியை வடிச்சிட்டியோ?" எங்கள் பிள்ளைகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனால் நூறு லீற்றரோடு அந்த மண்ணுக்குள் போன "நீர்" மட்டும் பிறகு அவர் வாயில் வரவேயில்லை.